அட்மின் பக்கமும் அடுத்த டேபும்: சி.எஸ்.ஆர்.எஃப். பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரத்தில் கடைகள், அரிசி ஆலைகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றின் நெட்வொர்க்கையும் வலைத்தளங்களையும் கவனித்துக்கொள்வது என் பிழைப்பு. ரூட்டர், சிசிடிவி பதிவுப் பெட்டி, பிரிண்டர் என்று எதை வாங்கினாலும் இப்போது அதற்குள் ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. பிரவுசரில் ஓர் எண்ணைத் தட்டினால் உள்ளே போய் எதையும் மாற்றலாம். இத்தகைய அட்மின் பக்கங்களில் காலங்காலமாக இருந்துவரும் ஓர் ஓட்டையைப் பற்றி ஆலை முதலாளிகளும் பாலிடெக்னிக் மாணவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சி.எஸ்.ஆர்.எஃப். என்றால் என்ன?

ஒரு தளத்தில் லாகின் செய்து வைத்திருக்கிறீர்கள். அதே பிரவுசரில் வேறொரு டேபில் சம்பந்தமே இல்லாத பக்கம் ஒன்றைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கம், முதல் தளத்துக்கு ஒரு கோரிக்கையை அனுப்பும்படி உங்கள் பிரவுசரை ஏவுகிறது. பிரவுசரும் அனுப்புகிறது, வழக்கம்போல் முதல் தளத்தின் குக்கியையும் (லாகின் செய்தவர் நீங்கள்தான் என்று காட்டத் தளம் பிரவுசரில் வைத்திருக்கும் சிறு அடையாளச் சீட்டு) கூடவே அனுப்பிவிடுகிறது. தளம் குக்கியைப் பார்க்கிறது, நம்மவர்தான் என்று நம்புகிறது, கேட்டதைச் செய்துவிடுகிறது. தமிழில் இதை வேற்றுத்தளக் கோரிக்கை மோசடி எனலாம். தொழிலில் இருப்பவர்கள் 'சீசர்ஃப்' என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பாசனக்காரர்களுக்கு லஸ்கரை வைத்து விளக்குவேன். வாய்க்கால் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர் லஸ்கர். பொறியாளர் கையெழுத்திட்ட சீட்டு வந்தால் திறப்பார். கையெழுத்துக்காகப் பொறியாளரின் மேசைக்கு வரும் தாள்களுக்கு நடுவே யாரோ ஒரு சீட்டைச் செருகிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறியாளரும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். லஸ்கர் கையில் இருப்பது அசல் கையெழுத்து, திறந்ததும் அசல் மதகு. தண்ணீர் யாருடைய வயலுக்குப் போகிறது என்பதில்தான் சூது. உங்கள் பிரவுசர் அந்தப் பொறியாளரைப் போன்றது. நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்திடும்.

இந்தப் பெயர் 2001-இல் பீட்டர் வாட்கின்ஸ் என்பவர் வைத்தது. விஷயம் அதைவிடப் பழையது. அதிகாரம் ஒருவரிடமும் நோக்கம் வேறொருவரிடமும் இருக்கும்போது நடுவில் நிற்கும் நிரல் ஏமாந்துபோவதைப் பற்றிக் கணினி அறிஞர் நார்ம் ஹார்டி 1988-இலேயே எழுதியிருக்கிறார்.

அப்படியானால் என் பாஸ்வேர்டு திருடு போய்விட்டதா?

இல்லை. பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கும். இதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை. பூட்டு உடையவில்லை, சாவி தொலையவில்லை, ஆனாலும் உள்ளே சாமான் இடம் மாறியிருக்கிறது.

ரூட்டர் என் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. 192.168.1.1 என்ற முகவரியை வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாதே?

எட்ட முடியாது. 192.168 என்று தொடங்குபவை உள் முகவரிகள். இணையத்தில் அவற்றுக்கு வழியே கிடையாது. ஆனால் உங்கள் பிரவுசர் உள்ளே அல்லவா இருக்கிறது? வெளியூர்ப் பக்கம் ஒன்று அதனிடம் "192.168.1.1-க்கு இந்தக் கோரிக்கையை அனுப்பு" என்றால், அது உள்ளேயிருந்தே அனுப்பும். கோட்டைச் சுவர் எவ்வளவு உயரமானாலும், உள்ளே இருக்கும் வேலைக்காரர் வெளியிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு நடந்தால் சுவருக்கு வேலையில்லை.

இது கற்பனை இல்லை. 2008 ஜனவரியில் மெக்சிகோவில் நடந்ததை சைமன்டெக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. வாழ்த்து அட்டை வந்திருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குள் படம் போல் வைக்கப்பட்டிருந்த வரிகள் உண்மையில் படங்கள் இல்லை, வீட்டு மோடத்துக்குப் போகும் கட்டளைகள். மின்னஞ்சலைத் திறந்தவர்களின் மோடத்தில் ஒரு வங்கியின் முகவரி மோசடிக்காரரின் சர்வரைக் காட்டும்படி மாறிவிட்டது. 2014-இல் டீம் சிம்ரு என்ற ஆய்வுக் குழு, ஆசியாவிலும் ஐரோப்பாவிலுமாக 3,00,000-க்கும் மேற்பட்ட சிறு ரூட்டர்களின் டி.என்.எஸ். அமைப்பு மாற்றப்பட்டிருந்ததைச் சொன்னது. அதற்குப் பல ஓட்டைகள் காரணமாகச் சொல்லப்பட்டன. சீசர்ஃபும் அவற்றில் ஒன்று.

டி.என்.எஸ். மாறினால் என்ன நட்டம்?

தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அங்கே ஒருவர் கைவைத்தால் கடைமடை வரைக்கும் எல்லாருடைய கணக்கும் மாறும், வயலில் நிற்பவருக்குக் காரணமும் தெரியாது. ரூட்டரின் டி.என்.எஸ். அப்படிப்பட்ட இடம். அந்த ஒரு வரியை மாற்றினால், அந்த ரூட்டரின் பேச்சைக் கேட்டு நடக்கும் கணினி, கைப்பேசி, டிவி அனைத்தும் தவறான வாசலுக்குப் போகும்.

நீங்களே இதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

என் வீட்டு மேசையில் பார்த்திருக்கிறேன். காயலான் கடைக்குப் போகவிருந்த பழைய ரூட்டர் ஒன்றை எடுத்து வைத்து, அதன் அட்மின் பக்கத்தில் லாகின் செய்துவிட்டு, அடுத்த டேபில் நானே எழுதிய ஒரு பக்கத்தைத் திறந்தேன். மகாமகக் குளத்தின் படம் ஒன்று, அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவம், அந்தப் படிவம் தானாகவே சமர்ப்பித்துக்கொள்ள இரண்டு வரி ஸ்கிரிப்ட். படிவத்தின் பதில் போய் விழுவதற்கு ஒரு துளி அளவு ஃபிரேமும் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் கட்டம்) வைத்திருந்தேன். பக்கத்தில் குளம் மட்டும் தெரிந்தது. ரூட்டரின் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தால், டி.என்.எஸ். கட்டங்கள் இரண்டிலும் நான் எழுதிவைத்த எண்கள்.

என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அண்ணே, நான் எதையுமே அழுத்தவில்லையே" என்றான். சத்தம் இல்லை, எச்சரிக்கை இல்லை, விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. அதற்கு முன் அவனுக்கு நான் இரண்டு மணி நேரம் பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தேன். குளத்தின் படத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் புரிந்துகொண்டான்.

தாக்குகிறவர் என் அட்மின் பக்கத்தை வாசிக்க முடியுமா?

இந்த ஓட்டையை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. ஒரு தளத்தின் பதிலை இன்னொரு தளம் வாசிப்பதை பிரவுசர் தடுக்கும். அனுப்பலாம், வாசிக்க முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிவது போலத்தான். ஆனால் ஒரே மாதிரி ரூட்டர் லட்சக்கணக்கில் விற்றிருக்கும்போது, எந்தத் திசையில் எறிய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதனால் 'மாற்று', 'சேர்', 'நீக்கு' என்று செய்கின்ற கட்டளைகள்தான் இதில் ஆபத்தானவை.

மாற்றம் நிலைத்தும் போகும். 2007 செப்டம்பரில் ஜிமெயிலில் இப்படி ஓர் ஓட்டை வெளிவந்தது. தீய பக்கம் ஒன்றைத் திறந்தால், உங்கள் கணக்கில் வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பும் ஒரு வடிகட்டியை அது சேர்த்துவிடும். கூகுள் ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே புகுந்துவிட்ட வடிகட்டியைக் கணக்கின் சொந்தக்காரர்தான் தேடி நீக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய மென்பொருளில் இந்தத் தவறு நடந்ததே இல்லையா?

இதை யார் கேட்டது என்று எனக்குத் தெரியும். நடந்திருக்கிறது. ஒரு திருமண மண்டபத்துக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மேலாளருக்கு வசதியாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் முன்பதிவுப் பட்டியல் மின்னஞ்சலில் போகும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'பார்க்க', 'ரத்து' என்று இரண்டு இணைப்புகள். ரத்து இணைப்பைத் தொட்டால் ரத்து. உறுதிப்படுத்தும் கேள்விகூட வைக்கவில்லை. அப்போது அதை நான் எளிமை என்று நினைத்தேன்.

ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்குப் பெண்ணின் தகப்பனார் மண்டபத்தைப் பார்க்க வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அட்வான்ஸ் ரசீது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. கணினியில் அந்தத் தேதி காலி. போதாக்குறைக்கு, தேதி காலியாக இருக்கிறது என்று இன்னொரு குடும்பத்துக்கும் சொல்லியாகிவிட்டது. நல்லவேளை, அவர்கள் இன்னும் பணம் கட்டவில்லை. பதிவேட்டைத் தோண்டிப் பார்த்தபோது, மேலாளர் பஸ்ஸில் போகும்போது கைப்பேசியில் பட்டியலைத் தள்ளிப் பார்த்திருக்கிறார், கட்டைவிரல் 'பார்க்க' என்பதற்குப் பதிலாக 'ரத்து' மேல் பட்டிருக்கிறது என்று தெரிந்தது. லாகின் ஏற்கெனவே உயிரோடு இருந்ததால் வேலை முடிந்துவிட்டது.

இதில் தாக்கியவர் யாரும் இல்லை. ஆனால் ஒருவர் தாக்க நினைத்திருந்தால் அதே இணைப்பைத் தன் பக்கத்தில் படமாக வைத்திருந்தாலே போதும். முகவரியைத் திறந்த மாத்திரத்தில் தரவு மாறக்கூடாது என்பது வலையின் அடிப்படை விதி. இதை மீறியவர்கள் 2005-இல் வேறு விதமாகப் பட்டார்கள். கூகுள் அப்போது வெளியிட்ட வேகமூட்டி ஒன்று, நீங்கள் சொடுக்கும் முன்பே பக்கத்திலுள்ள இணைப்புகளையெல்லாம் திறந்து எடுத்து வைத்தது. 'நீக்கு' என்பதை வெறும் இணைப்பாக வைத்திருந்த தளங்களில் தரவு தானாக அழிந்தது.

இணைப்பை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் தரவை அனுப்பும் போஸ்ட் படிவமாக மாற்றினால் போதுமா?

பாதிக் கிணறு தாண்டியது போல. படத்தின் வழியாக வரும் தாக்குதல் நிற்கும். ஆனால் வேற்றுத்தளம் ஒன்று போஸ்ட் படிவத்தையும் தானே சமர்ப்பிக்கலாம். குளத்தின் படத்துக்குக் கீழே நான் ஒளித்து வைத்தது அதைத்தான்.

அப்படியானால் சரியான தீர்வு எது?

டோக்கன். குறுவை அறுவடைச் சமயத்தில் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் இல்லாமல் மூட்டையை இறக்கிவிட முடியுமா? இங்கும் அதே முறை. சர்வர் படிவத்தைக் காட்டும்போது அதற்குள் யாரும் ஊகிக்க முடியாத ஓர் எழுத்துச் சரத்தை ஒளித்து வைக்கிறது. படிவம் திரும்பி வரும்போது, தான் கொடுத்த அதே சரம்தானா என்று பார்க்கிறது. வேற்றுத்தளம் உங்கள் பக்கத்தை வாசிக்க முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் அந்தச் சரம் அதற்குத் தெரியாது. குக்கி தானாகவே போய்ச் சேரும், டோக்கன் போகாது.

டோக்கன் இருந்தும் ஓட்டையாக இருக்கும் நிரல்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். டோக்கன் வந்தால் சரிபார்ப்பார்கள். வரவே இல்லையென்றால் கேட்காமல் விட்டுவிடுவார்கள். அல்லது எல்லாப் பயனருக்கும் ஒரே டோக்கன். தாக்குகிறவர் தனக்கொரு கணக்குத் தொடங்கி அதை எடுத்துக்கொள்வார். அல்லது படிவத்தில் டோக்கன் அழகாக இருக்கும், சர்வரில் அதைப் பார்க்கும் வரியை எழுதவே மறந்திருப்பார்கள். கடைசியாகச் சொன்னதை நான் ஒரு முறைக்கு மேல் கண்டிருக்கிறேன். டோக்கனை வாங்கிக் குப்பைக் கூடையில் போடும் காவலாளி போல.

இதோடு, கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து கிளம்பியது என்று பிரவுசர் சொல்லும் ஆரிஜின் தலைப்பையும் சர்வர் பார்ப்பது நல்லது. பாஸ்வேர்டை மாற்றுவது, புது அட்மினைச் சேர்ப்பது போன்றவற்றுக்குப் பழைய பாஸ்வேர்டை ஒரு முறை கேட்டுவிடுங்கள். பயனர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

வலைத்தளம் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்குகளில் (ஆயத்த நிரல் சட்டகங்கள்) லாரவெலில் 419 என்ற பிழை வருகிறது, ஜாங்கோவில் சரிபார்ப்புத் தோல்வி என்று வருகிறது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் டோக்கன் சோதனையிலிருந்து விலக்குக் கொடுத்துவிடலாமா?

மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். வேண்டாம். அந்தப் பிழைச் செய்தி உங்களுக்காகக் காவல் நிற்கிறது. பெரும்பாலும் படிவத்துக்குள் டோக்கன் வரியைச் சேர்க்க மறந்திருப்பீர்கள், அல்லது பக்கத்தை வெகுநேரம் திறந்து வைத்ததில் செஷன் (லாகின் செல்லுபடியாகும் காலம்) காலாவதியாகியிருக்கும். வேறு சர்வரிலிருந்து வரும் பணம் செலுத்தும் அறிவிப்பு போன்ற, குக்கியே இல்லாத இடங்களுக்கு மட்டும் விலக்குப் பொருந்தும்; அங்கே அனுப்பியது யார் என்று காட்டும் மின் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். ஜாங்கோவில் இந்தக் காவல் 2010-இல் வெளிவந்த 1.2 பதிப்பிலிருந்தே தானாக இயங்குகிறது. அதைக் கைநீட்டி அணைத்துவிட்டுப் பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள்.

குத்துவிளக்கு விற்க, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தளம் வைத்திருக்கிறேன். எனக்கு இது பொருந்துமா?

நாச்சியார்கோயில் நண்பரே, பொருந்தும். வேர்ட்பிரஸின் மையம் இந்த விஷயத்தில் கெட்டியானது. 'நான்ஸ்' என்ற பெயரில் டோக்கன் வைத்திருக்கிறார்கள். இயல்பாக அது அதிகபட்சம் 24 மணி நேரம் செல்லும். சிக்கல் பிளகின்களில், அதாவது மேலே சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களில். கூட்டாகவோ தனியாகவோ யாரோ எழுதி, பிறகு கவனிக்காமல் விட்ட பிளகினின் அமைப்புப் பக்கத்தில் நான்ஸ் சோதனை இருக்காது. அட்மினாக லாகின் செய்திருக்கும் நீங்கள் ஒரு தீய இணைப்பைத் திறந்தால் அமைப்பு மாறிவிடும். பயன்படுத்தாத பிளகினை முடக்கினால் போதாது, நீக்கிவிடுங்கள்.

பிளகின் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோரிக்கை இந்தப் பயனரின் எண்ணத்தில் வந்ததா என்பதை நான்ஸ் சொல்லும். அவருக்கு அந்த வேலையைச் செய்ய உரிமை உண்டா என்பதைச் சொல்லாது. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

குரோமே இதையெல்லாம் தடுத்துவிட்டது என்கிறார்களே?

பெருமளவுக்கு உண்மை. 2020-இல் குரோம் 80 ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. குக்கியை வேற்றுத்தளக் கோரிக்கையோடு அனுப்பலாமா என்று தளம் எழுதிவைக்கும் 'சேம்சைட்' என்ற குறிப்பு இல்லாத குக்கியையும், வேற்றுத்தளத்திலிருந்து வரும் படம், ஃபிரேம், போஸ்ட் படிவம் ஆகியவற்றோடு அனுப்பாது. கொரோனாக் காலத்தில் தளங்கள் உடைந்துவிடக் கூடாது என்று ஏப்ரலில் நிறுத்திவைத்து, ஜூலையில் மறுபடி தொடங்கினார்கள். சீசர்ஃப் தாக்குதலின் முதுகெலும்பை முறித்தது இதுதான் என்பேன்.

ஆனாலும் சந்துகள் இருக்கின்றன. இணைப்பைச் சொடுக்கி நேராகப் போகும்போது குக்கி போகும். என் மண்டபத்து 'ரத்து' இணைப்பு இன்றைக்கும் அப்படியே வேலை செய்யும். குக்கி வைத்த முதல் இரண்டு நிமிடங்களுக்கு, டேபையே அந்தத் தளத்துக்குக் கொண்டுபோகும் போஸ்ட் படிவத்துக்கும் குரோம் விலக்குத் தருகிறது. எல்லா பிரவுசரும் குரோமின் வழியை அப்படியே பின்பற்றவும் இல்லை. ரூட்டர் கதை இன்னும் மோசம். பழைய ரூட்டர்கள் பல குக்கியையே பயன்படுத்துவதில்லை. பிரவுசர் ஒரு சிறு பெட்டியைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்குமே, அந்த முறையில் இயங்குகின்றன. சேம்சைட் குக்கிக்கான சட்டம், இந்த முறைக்குச் செல்லாது. 'இந்தக் கணினியிலிருந்து வந்தால் சரி' என்று உள் முகவரியை மட்டுமே பார்த்து நம்பும் பெட்டிகளும் உண்டு.

ஓவாஸ்ப் பட்டியலில் இது இப்போது இல்லை. மறந்துவிடலாமா?

வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து ஆபத்துகளில் 2007-லும் 2010-லும் இது ஐந்தாம் இடம், 2013-இல் எட்டாம் இடம், 2017-இல் பட்டியலிலேயே இல்லை. புதிய ஃபிரேம்வொர்க்குகள் தாமாகவே தடுப்பதுதான் காரணம். அதை வைத்து உங்கள் ஆலை அலமாரியிலுள்ள பெட்டியை எடைபோடாதீர்கள். அதற்கு ஃபிரேம்வொர்க் ஏது?

வைரஸ் தடுப்பு மென்பொருள், எச்.டி.டி.பி.எஸ். பூட்டு?

உதவாது. வருவது வைரஸும் இல்லை, வழியில் ஒட்டுக்கேட்பதும் இல்லை.

ஆலையின் சிசிடிவி பெட்டியில் நான் லாகின் செய்தே பல மாதம் ஆகிறது. அப்போதும் ஆபத்தா?

பாஸ்வேர்டு தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் ஆபத்துதான். தீய பக்கம் முதலில் லாகின் படிவத்தையே உங்கள் பிரவுசர் வழியாகச் சமர்ப்பிக்கலாம். ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு ஆயிற்றே. பிறகு அடுத்த கட்டளை. சேம்சைட் காவல் எட்டாத பெட்டிகளில் இது நடக்கும். பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் இந்த வழி அங்கேயே அடைபடும்.

கல்லூரித் தளம் ஒன்றில் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறேன். செய்து காட்டட்டுமா?

அனுமதி இல்லாமல் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு உங்கள் நல்ல எண்ணத்துக்காகக் காத்திருக்காது. தளத்தை நடத்துபவருக்கு எழுதுங்கள்; பதில் வராவிட்டால் இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதுங்கள். செய்து பார்க்கும் ஆசைக்கு என்னைப் போல ஒரு பழைய ரூட்டரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் நிரல் எழுதுபவன் இல்லை, கடைக்காரன். எனக்கு என்ன வேலை?

ரூட்டர், கேமரா ஆகியவற்றின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்பு வந்தால் போடுங்கள். தயாரித்தவர் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். குரோமின் அண்மைப் பதிப்புகள், வெளித்தளம் ஒன்று உங்கள் உள் நெட்வொர்க்கைத் தொட முயன்றால் அனுமதி கேட்கின்றன. காரணம் தெரியாமல் 'அனுமதி' என்பதை அழுத்தாதீர்கள். அட்மின் வேலைக்கென்று தனி பிரவுசர் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் வாட்ஸ்அப், செய்தி, கிரிக்கெட் எதையும் திறக்காதிருப்பது மலிவான வைத்தியம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வேலை முடிந்ததும் லாகவுட் செய்தால் சரிதானே?

சரி. டேபை மூடுவது லாகவுட் ஆகாது, அதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். சிறு பெட்டி திறந்து பாஸ்வேர்டு கேட்கும் பழைய ரூட்டர்களில் அப்படியொரு பொத்தானே இருப்பதில்லை. அவற்றுக்கு பிரவுசரை முழுவதுமாக, எல்லா ஜன்னல்களையும், மூடிவிட்டுத் திரும்பத் திறக்க வேண்டும். திறந்ததும் ரூட்டரின் எண்ணைத் தட்டிப் பாருங்கள். மறுபடி பாஸ்வேர்டு கேட்டால் வெளியே வந்துவிட்டீர்கள்.